டிஸ்க் வளர்ந்தது, சர்வருக்குத் தெரியவில்லை

"அண்ணே, டிஸ்க்கை அம்பது ஜிபி கூட்டிட்டேன். சர்வர் இன்னும் ஃபுல்லுன்னுதான் காட்டுது."

சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு இப்படி ஓர் அழைப்பு வருவது ஃபேரர் பார்க் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் புதிதல்ல. சிராங்கூன் சாலையைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்நாட்டு ஐடி ஊழியர்களில் பலர், அலுவலகங்கள் ஓய்ந்திருக்கும் வார இறுதி இரவில்தான் சர்வர்களில் கைவைக்க முடியும். முஸ்தபா சென்டரில் கூட்டம் குறையாத நேரத்தில், அவர்கள் மடிக்கணினியில் இன்னொரு நெரிசலோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார்கள்.

அழைத்த இளைஞர் சொன்னது சரி. சர்வர் காட்டுவதும் சரி. இன்று சர்வர் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மெய்நிகர் கணினி, சுருக்கமாக விஎம். ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்து இருபது கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் மென்பொருள் காட்டும் வித்தை அது. 1999இல் விஎம்வேர் நிறுவனம் இதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007இல் கேவிஎம் என்ற அதே வகை மென்பொருள் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இடம்பிடித்தது. விஎம் தனக்கென ஒரு டிஸ்க் இருப்பதாக நம்புகிறது. அதைத் தாங்கும் பெட்டியை, அதாவது ஹோஸ்ட்டைக் கேட்டால், அது பெரும்பாலும் வெறும் ஒரு கோப்பு. விஎம்வேரில் விஎம்டிகே, விர்ச்சுவல்பாக்ஸில் விடிஐ, கேவிஎம்மில் க்யூகவ்2 என்று வடிவத்துக்கு ஒரு பெயர். உள்ளே 100 ஜிபி என்று காட்டும் டிஸ்க், வெளியே 8 ஜிபி கோப்பாக மட்டுமே இருக்கலாம். எழுத எழுதத்தான் அது பருக்கும்.

ஆகவே ஹோஸ்ட்டிலிருந்து டிஸ்க்கைப் பெரிதாக்குவது ஒரு வரிக் கட்டளை. சில நொடி வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான். சிங்கப்பூர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730ஐத் தாண்டிவிட்டது. மண்ணைக் கொட்டினால் நிலம் வந்துவிடும். மனை பிரித்து, தெருவுக்குப் பெயர் வைத்து, வீட்டுக்கு எண் கொடுக்கும்வரை தபால்காரருக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. டிஸ்க்கிலும் அதே வரிசை. முதலில் டிஸ்க், அடுத்து அதில் பிரித்த பகுதியான பார்ட்டிஷன், இடத்தைப் பங்கிட்டுத் தரும் எல்விஎம் இருந்தால் அந்த அடுக்கு, கடைசியில் கோப்பமைப்பு. இளைஞர் முதல் படியோடு நின்றிருக்கிறார்.

நடுவில் காத்திருக்கும் பொறிகள் சுவாரசியமானவை. ஜிபிடி என்ற பகுப்பு அட்டவணை, பாதுகாப்புக்காகத் தன் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைக்கோடியில் வைத்திருக்கும். டிஸ்க் நீண்டதும் கடைக்கோடி நடுப்பகுதியாகிவிடுகிறது. நகலை எடுத்துப்போய்ப் புதிய முனையில் வைத்தாக வேண்டும். பழைய எம்பிஆர் அட்டவணையாக இருந்தால் வேறு வில்லங்கம். 512 பைட் துண்டுகளை 32 பிட் எண்ணால் எண்ணுவதால், அதற்குக் கணக்கு 2 டிபி வரைதான் வரும். விண்டோஸ் சர்வரில் சி டிரைவுக்கு அடுத்தாற்போல் மீட்புப் பார்ட்டிஷன் குந்தியிருப்பது வழக்கம். புதிய இடம் அதற்கு அப்பால் கிடக்கும். 'நீட்டு' என்ற பொத்தான் மங்கிப்போய், அழுத்த அழுத்த அசையாமல் இருக்கும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இங்கேதான் மிரண்டுபோகிறார்கள்.

ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் முதல் படியே கைகூடாமல் போகலாம். ஸ்னாப்ஷாட் என்பது மூல டிஸ்க்கை உறையவைத்து, அதற்குப் பின் வந்த மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும் ஏற்பாடு. அடியிலிருக்கும் மூலத்தின் நீளம் மாறினால் மேலே உள்ள கணக்கு இடிக்கும். அதனால் விஎம்வேர், ஸ்னாப்ஷாட்டை நீக்கும்வரை டிஸ்க்கை நீட்ட அனுமதிப்பதில்லை.

மேகத்துக்குப் போனாலும் கதை மாறுவதில்லை. அமேசான் தன் மேகக் கணினிச் சேவையின் முதல் ஆசிய பசிபிக் மையத்தை 2010இல் திறந்தது சிங்கப்பூரில்தான். சர்வரை நிறுத்தாமலே டிஸ்க்கை வளர்க்கும் வசதியை 2017 பிப்ரவரியில் கொடுத்தது. அங்கேயும் அட்டவணையையும் கோப்பமைப்பையும் வளர்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு.

எழுதும்போதுதான் கோப்பு பருக்கும் என்பதால், ஹோஸ்ட் நிர்வாகிகளுக்குத் தாராள மனசு வந்துவிடுகிறது. 1 டிபி இடத்தை வைத்துக்கொண்டு 200 ஜிபி டிஸ்க் பத்துப் பேருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் ஒருசேர நிரப்பமாட்டார்கள் என்பது நம்பிக்கை. நிரப்பிவிட்டால்? கேவிஎம்மில் இயல்பான ஏற்பாட்டின்படி, எழுத இடமில்லாத விஎம் அந்த நொடியிலேயே இடைநிறுத்தப்படும். உள்ளே போய்ப் பழைய கோப்புகளை அழித்தாலும் ஹோஸ்ட்டில் உடனே இடம் பிறக்காது. எந்தத் துண்டுகள் காலியாயின என்பதை விஎம் வெளியே சொன்னால்தான் ஹோஸ்ட்டுக்குத் தெரியும். 'டிஸ்கார்ட்' என்ற அந்த வசதியை இயக்காமல் விட்டிருந்தால், அழித்த தரவின் எடையைக் கோப்பு சுமந்துகொண்டே இருக்கும்.

இந்தத் தாராளத்துக்கு மின்சாரக் கட்டணமும் உண்டு. 2020இல் சிங்கப்பூரின் மின்நுகர்வில் சுமார் 7 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போனது. 2019இல் புதிய மையங்களுக்கு அனுமதி தருவதை அரசு நிறுத்தி வைத்தது. 2022இல்தான் கதவைத் திறந்தது. 2023 ஜூலையில் நான்கு தரப்புகளுக்குச் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ 80 மெகாவாட். வெப்பமண்டலத்துக்கென வகுத்த தரநிலை, மையங்களின் அறை வெப்பத்தை 26 டிகிரி செல்சியஸுக்கும் மேலே உயர்த்தலாம் என்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் செலவில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாம். இப்படிச் சொட்டுச் சொட்டாய் மிச்சம் பிடிக்கும் ஊரில், ஒரு இரவு அவசரத்தில் இரண்டு மடங்காக்கிய டிஸ்க்குகள் பாதி காலியாகக் கிடக்கின்றன. மேகச் சேவையில் கட்டணமும் வாங்கிய அளவுக்குத்தான், நிரப்பிய அளவுக்கு அல்ல.

அப்படியானால் சுருக்கிவிட வேண்டியதுதானே? அதுதான் எளிதல்ல. சுருக்கும்போது வரிசை தலைகீழ்: கோப்பமைப்பு முதலில், டிஸ்க் கடைசியில். மாற்றிச் செய்தால் வால்பகுதியில் இருந்த தரவு துண்டாகிப்போகும். க்யூகவ்2 கோப்பைச் சுருக்கச் சொன்னால், 'தெரிந்துதான் செய்கிறேன்' என்று தனிச் சொல்லாகச் சேர்த்தால் ஒழிய கருவி மறுத்துவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஓடும்போதே வளரும். சுருங்குவதற்குக் கழற்றி வைக்க வேண்டும். ரெட்ஹேட் 2014இல் தன் லினக்ஸின் 7ஆம் பதிப்பின் இயல்புக் கோப்பமைப்பாக்கிய எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்கவே முடியாது. அமேசானும் வளர்க்க மட்டுமே விடுகிறது.

1967 வாக்கில் ஐபிஎம்மின் சிபி-67 அமைப்பு, பெரிய டிஸ்க்கைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு 'மினிடிஸ்க்' கொடுத்தது. அளவு போதாவிட்டால் வேறிடத்தில் இன்னொன்று ஒதுக்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து, பழையதை விட்டுவிடுவார்கள். டிஸ்க்கைச் சிறிதாக்க நினைக்கும் ஃபேரர் பார்க் இளைஞர் இன்று செய்வதும் அதையேதான்: சின்னதாக ஒரு புதிய டிஸ்க், இரவு முழுக்க நகல், காலையில் சரிபார்த்த பிறகு பழையதற்கு விடை.