வெறுந்திரையும் வெறுங்கடலும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், உறவினர் வீட்டு மாடியில் அமர்ந்து, நான் கப்பல்களைக் ‘கேட்க’ முயன்ற கதையை இன்று கூற விழைகிறேன்.

கப்பலைக் காண்பதுண்டு, கேட்பதும் உண்டோ என்று நீங்கள் வினவலாம். நாடுவிட்டு நாடு செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், 2004-ஆம் ஆண்டின் இறுதிக்குள் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று விதி ஏற்பட்டது. கப்பலின் பெயர், இருப்பிடம், வேகம், செல்லும் திசை ஆகியவற்றை அது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் அறிவித்துக்கொண்டே இருக்கும்.

அவற்றைப் பிடிக்க மென்பொருள் வானொலி ஒன்றை வாங்கினேன். பழைய வானொலிப் பெட்டியில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் செய்த வேலையை இதில் கணிப்பொறி செய்கிறது. விரலளவான கருவி அலையை எண்களாக்கி அனுப்பும்; வேண்டியதைப் பிரித்தெடுப்பது கணக்கின் வேலை. தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட மலிவான கருவியே இதற்குப் போதும் என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது.

முதல் நாள் என் திரையில் ஒரு கப்பலும் இல்லை. கடலிலோ, தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி ஒரு கப்பல் கண்ணெதிரே சென்றுகொண்டிருந்தது! உடனே பெருக்கத்தை உச்சத்துக்கு உயர்த்தினேன். பெருகியது இரைச்சல்தான். வலிய பண்பலை ஒலிபரப்பு உள்ளே புகுந்தால், கருவியின் முதற்பகுதி திணறி, இல்லாத அலைகளைத் தானே உண்டாக்கும். பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தேன், பொய்க்கோடுகள் மறைந்தன.

எஞ்சிய இரைச்சல் எங்கிருந்து வருகிறது? ஏரியலைக் கழற்றிப் பார்த்தேன். இரைச்சல் குறையவில்லை, ஆகவே அது வானத்திலிருந்து வருவதன்று. மடிக்கணினியின் மின்னேற்றியைப் பிடுங்கினேன், பெரும்பகுதி அடங்கிற்று. நீண்ட வடம் கொண்டு கருவியைக் கணினியிலிருந்து விலக்கி வைத்தேன், மீதியும் அடங்கிற்று.

அடுத்து ஏரியல். இணைப்பைத் திறந்தால், செம்பின்மேல் பச்சைக் களிம்பு! உப்புக்காற்றின் கைவண்ணம் அது. களிம்பேறிய பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாய்ப் பற்றவைத்து, நீர் புகாதபடி சுற்றினேன். பிறகு அளவு பார்த்தேன். 300-ஐ 162-ஆல் வகுத்தால் அலைநீளம் 1.85 மீட்டர், அதில் கால்பங்கு 46 சென்டிமீட்டர். இரு கைகளையும் அவ்வளவாகவே நறுக்கினேன். கப்பலின் ஏரியல் நெட்டாக நிற்பது. என்னுடையதோ படுத்துக் கிடந்தது. அதையும் நிமிர்த்தி, கூரைக்கு மேலே உயர்த்தினேன். இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. உயரம் கூடினால் எட்டும் தூரமும் கூடும்.

ஒரே ஒரு பிழை எஞ்சியிருந்தது. மலிவான கருவி பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலே இங்கு 8 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். கப்பல்கள் பேசும் தடத்தின் அகலமோ 25 கிலோஹெர்ட்ஸ்தான். கருவி சூடேறும்வரை பொறுத்திருந்து, அலைவரிசை நன்கு தெரிந்த ஒரு நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். திரையில் ஒவ்வொன்றாய்க் கப்பல்கள் தோன்றின!

நண்பர்களே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் விளைவைப் பாருங்கள். பழுது தானே அகப்படும். அதனினும் பெரியது ஒன்றுண்டு. அன்று என் திரையை மட்டும் நம்பி, இருளில் வள்ளம் இறக்கும் ஒருவரிடம், “கடலில் கப்பல் இல்லை” என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கருவி கேளாதது வேறு. கடலில் இல்லாதது வேறு. வெறுந்திரை வெறுங்கடல் ஆகாது.