மறைமலை நகரிலிருந்து மூன்றாவது நிறுத்தம்



இம்மாதம் உங்களை ஒரு சிறிய ரயில் பயணத்துக்கு அழைக்கிறோம். சென்னைக் கடற்கரையில் புறப்பட்டு செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில், தாம்பரம் தாண்டி கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று வந்தால் அடுத்த நிலையம் மறைமலை நகர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், செங்கல்பட்டு என்று மூன்றே நிறுத்தங்கள். நாங்கள் அண்மையில் போய்வந்த இந்தச் சிறு தூரத்துக்குள் தொழுநோயின் நூறு ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது. அது இன்னும் முடியாத கதை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

மறைமலை நகர் பழைய ஊர் அல்ல. சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காக 1980-ஐ ஒட்டி அமைக்கப்பட்ட துணை நகரம் அது. தனித்தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் (1876–1950) பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அடிகள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் என்பது நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பின்னர் இங்கே தொழிற்சாலைகள் வந்தன. ஃபோர்டு கார் தொழிற்சாலை 1990-களின் இறுதியில் வந்தது. 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை போகும் சாலையில் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

ஷிப்ட் மாறும் நேரத்தில் நிலையத்தில் நின்றால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் சென்ட்ரலில் வந்து இறங்குகிறார்கள். எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறி இங்கே வருகிறார்கள். ஒரே அறையில் பலர் சேர்ந்து தங்குகிறார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும் வேறு கம்பெனிக்கோ வேறு ஊருக்கோ போய்விடுகிறார்கள்.

இனி கடைசி நிறுத்தமான செங்கல்பட்டுக்குப் போவோம். கொளவாய் ஏரியை ஒட்டி ரயில் அந்த ஊருக்குள் நுழைகிறது. ஊருக்கு அருகே திருமணி என்னும் இடத்தில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ இல்லம் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து மிஷனரிகள் அதை நடத்தினார்கள். அந்நாளில் தொழுநோய்க்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான். அந்த ஊசி மிகுந்த வலி தரும், பலனோ குறைவு. 1898-ஆம் ஆண்டின் சட்டம் ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க இடம் கொடுத்தது. 1890-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமோ, தொற்றுநோய் உள்ளவர் தனி அனுமதியின்றி ரயிலில் ஏறுவதையே குற்றமாக்கியிருந்தது.

1930-களிலும் 1940-களிலும் திருமணியில் பணியாற்றியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். சீனாவில் பணிசெய்த மிஷனரி மருத்துவரின் மகன். 1946-இல் டாப்சோன் என்னும் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடி அவர். மறு ஆண்டு வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்டு அவரைப் பார்க்க வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பிராண்டு, எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர். நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்ட அவர், இந்தக் கைகளை ஏன் எந்த அறுவை மருத்துவரும் ஆராயவில்லை என்று வியந்தார். விரல் மடங்கிய ஒருவரைக் கையை இறுகப் பற்றச் சொன்னபோது, அந்தப் பிடியின் பலம் அவரைத் திடுக்கிட வைத்தது. அப்படியானால் எல்லாத் தசைகளும் செத்துப்போகவில்லை! நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்தினால் கை மீண்டும் வேலை செய்யும். வேலூரில் இந்தச் சிகிச்சை வளர்ந்து உலகம் முழுவதும் பரவியது. திருமணி இல்லத்தை மத்திய அரசு 1955-இல் ஏற்றுக்கொண்டு, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக்கியது.

இந்நோய் என்ன செய்கிறது என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த ஒரு கிருமி இதற்குக் காரணம். பாவமோ சாபமோ பரம்பரையோ அல்ல. கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால், உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. சிகிச்சை பெறாதவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகும்போது மூச்சின் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. கிருமி நரம்பைத் தாக்குவதால் உணர்ச்சி போகிறது. சுடுவது தெரியாது, வெட்டுவது தெரியாது. விரல்கள் தாமாக உதிர்வதில்லை. வலி தெரியாததால் பட்ட காயங்களே ஆறாமல் விரல்களைத் தின்கின்றன.

வேதாகமத்தில் நாம் குஷ்டரோகம் என்று வாசிப்பது இந்த ஒரே நோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் அந்தச் சொல் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட வருகிறது. பலவகைத் தோல் நோய்களையும் கறைகளையும் குறித்த சொல் அது. அதை இன்றைய நோயாளியின் மேல் சுமத்துவது நியாயமல்ல.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மை போய்விடுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். 1898-ஆம் ஆண்டின் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. ஒரு காலத்தில் நோயாளிகளை ஏற்ற மறுத்த ரயில், இன்று பரவாத நிலையிலுள்ள தொழுநோயாளிக்குக் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை தருகிறது.

பின் ஏன் இந்தக் கதை முடியவில்லை? செங்கல்பட்டுக்கு முந்திய நிறுத்தம் பரனூர். ஒரு பக்கம் 2002-இல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள். அதே பரனூரில்தான் அரசின் தொழுநோயாளர் மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இல்லங்களில் இருப்பவர்களில் பலர் நோயிலிருந்து விடுபட்டவர்கள். கிருமி போய்விட்டது, ஆனால் தாமதமாக வந்த சிகிச்சையால் ஊனம் தங்கிவிட்டது. ஊனத்தைக் கண்ட உறவு திரும்பி வரவில்லை.

2005 டிசம்பரில் இந்தியா, 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியது. அதை "ஒழிந்துவிட்டது" என்று பலரும் புரிந்துகொண்டார்கள். ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. அது உலகின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கும் மேல். பிரேசில், இந்தோனேசியா, மொசாம்பிக் போன்ற நாடுகளிலும் நோய் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இது மிகவும் குறைந்துவிட்டது உண்மையே. குறைந்ததாலேயே இளம் மருத்துவர்கள் பலர் இதைப் பார்த்ததில்லை, மக்களும் மறந்துவிட்டார்கள்.

மறைமலை நகர் நிலையத்தில் இறங்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். முதுகில் வெளிறிய ஒரு தேமல். அரிப்பு இல்லை, வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் மொழி தெரியாது. நோய் என்று தெரிந்தால் வேலை போகும், அறையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு. அப்படியே மருந்து தொடங்கினாலும் நான்காம் மாதம் கான்ட்ராக்ட் முடிந்து ஊர் மாறினால் மாத்திரை நின்றுவிடும். இயந்திரத்தோடு வேலை செய்யும் கையில் உணர்ச்சி போனால் ஆபத்து எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அவனை அங்கேயே, அந்தத் தேமல் நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் பரனூர் இல்லத்தில் அவனுக்கு இடம் தேட வேண்டியிராது.

இதற்கு நீங்களும் உதவலாம். உங்கள் தெருவிலோ, உங்கள் சபைக்கு அருகிலோ வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பார்கள். வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல், தடித்த காது மடல், சுண்டுவிரலில் பலவீனம், வலியில்லாத கொப்புளம் – இவற்றில் ஒன்றைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போங்கள். ஊர் மாறுகிறவரிடம் சிகிச்சைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய், போகும் ஊரில் மருந்தைத் தொடரச் சொல்லுங்கள். வீட்டிலும் அறையிலும் உடனிருப்பவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் வராமல் தடுக்க அவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் மாத்திரை கொடுக்கும் முறையை 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குணமானவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் பந்தியில் உட்கார வையுங்கள்.