குறிப்பேட்டுக்குப் படி எங்கே?

நாஞ்சில் நாட்டு ஊழியர்கள் பலர் இன்று சங்க நடவடிக்கைகளையும் வரவு செலவையும் கம்ப்யூட்டரிலேயே எழுதி வருகின்றனர். படி எங்கே என்றால், அதன் பக்கத்திலேயே கிடக்கும் பென் டிரைவைக் காட்டுகின்றனர்! 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலைப் போல் மற்றொன்று வந்து, வீட்டினுள் வெள்ளம் புகுந்தால் இரண்டும் ஒருங்கே போகுமன்றோ?

அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படியெடுத்தார். நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பகுதி நமக்குக் கிட்டிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்த சுவடிகள் பலவற்றுக்கோ வேறு படியே இல்லை.

ஒரு படி வெளியூரில் இருத்தல் அவசியம். தானே படியெடுக்கும் ஏற்பாட்டை மட்டும் நம்பலாகாது. இங்கே தவறி அழித்தது அங்கும் அழிந்துவிடும். ஆதலின் தேதியிட்ட பழைய படிகளும் வேண்டும். அவற்றை அவ்வப்போது திறந்து வாசித்தும் பார்க்க வேண்டும். சென்ற வாரம் நமது காரியாலயத்தில் அவ்விதம் பார்த்தபோது, மூன்றில் ஒன்று வெறுமையாயிருந்தது.