காயலான் கடை வாங்காத குப்பை

பால் உறை, அட்டைப்பெட்டி, குளிர்பான பாட்டில், எண்ணெய் டின் எதுவானாலும் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். சிப்ஸ் உறை, ஷாம்பு சாஷே, பிஸ்கட் மேலுறை, அழுக்கேறிய கேரி பை ஆகியவற்றை மூட்டையாகக் கட்டிச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். மறுசுழற்சிக்கு உதவாத குப்பை எது என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறையை எந்த விதிப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் போன்ற ஒரு பேரூராட்சியில் வீடு வீடாகத் திரட்டப்படும் மக்காத குப்பையில், இப்படி யாரும் விலை கேட்காத பங்குதான் கடைசிவரை தேங்கி நிற்கிறது.

ஏன் விலை கேட்பதில்லை? பால் உறை முழுக்க ஒரே பொருளால், அதாவது பாலிஎத்திலீனால் ஆனது. கழுவி உருக்கினால் மறுபடி மணிகளாகிவிடும். சிப்ஸ் உறையின் கதை வேறு. அச்சிட்ட மேல்படலம் ஒரு பிளாஸ்டிக், சூட்டில் ஒட்டும் உள்படலம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், ஒரு மைக்ரானில் சிறு பங்கே தடிமன் உள்ள அலுமினியப் பூச்சு. காற்றையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுத்துத் தின்பண்டத்தை மொறுமொறுப்பாக வைத்திருப்பது இந்தக் கூட்டணிதான். அதைப் பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகும் வழி இன்னும் பரவலாகவில்லை. பிரிக்காமல் உருக்கினாலோ ஒன்றோடொன்று சரியாகக் கலக்காத பிளாஸ்டிக்குகள் வலுவற்ற கட்டியாகத்தான் மிஞ்சும்.

இந்தச் சின்ன உறைகளின் தொடக்க வரலாற்றில் நம் கடலூருக்கு ஓர் இடம் உண்டு. ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய தொழில் ‘சிக்’ ஷாம்புவைக் கிராமங்கள்வரை கொண்டுபோனது. பாட்டில் வாங்க முடியாத கூலிக் குடும்பத்துக்கும் ஷாம்பு எட்டியது என்பது பெரிய விஷயம். உறை எங்கே போய்ச்சேரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகள் கழித்துப் பேரூராட்சியின் குப்பைக் கொட்டகைக்கு வந்து நிற்கிறது.

விடை அந்த உறையின் வேதியியலிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் கச்சா எண்ணெயின் வாரிசு. ஒரு கிலோ பாலிஎத்திலீனை முழுதாக எரித்தால் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும், அதாவது டீசலுக்கு நிகராக. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதி 4,000-ஐ ஒட்டியே நிற்கும். இதை மனதில் வைத்துத்தான் 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை மண்ணில் புதைக்கக் கூடாது என்றன.

புதைக்காமல் வெப்பத்துக்காக எரிப்பது என்றால் தெருமுனையில் கொளுத்துவதல்ல. திறந்த வெளியில் நெருப்பு மந்தமாக எரிகிறது, ஆக்சிஜன் போதாது. குவியலில் ஒரு பி.வி.சி. துண்டு இருந்தாலே டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உருவாக வாய்ப்பு உண்டு. ஏரிக்கரையில் குப்பையைக் கொளுத்தும் பழக்கம் இன்னும் நம் ஊர்களில் ஒழியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சிமெண்ட் ஆலையின் சுழல் உலையில் நிலைமை தலைகீழ். சற்றே சாய்ந்து உருளும் அந்த நீண்ட எஃகுக் குழாய்க்குள் தீயின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எழும். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் 1,450 டிகிரியில், பின்னர் சிமெண்டாக அரைபடும் கிளிங்கராகின்றன. அந்தச் சூட்டில் கரிம மூலக்கூறுகள் உடைந்துபோகும். எழுகிற அமில வாயுக்களைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில் சாம்பல் மிஞ்சும், அதைப் புதைக்க மறுபடி இடம் தேடவேண்டும். இங்கே சாம்பலில் உள்ள சிலிக்கா, அலுமினா, இரும்பு, கால்சியம் எல்லாமே கிளிங்கருக்கு வேண்டிய சரக்கு என்பதால் அதிலேயே கரைந்துவிடும். தமிழ்நாட்டில் இத்தகைய ஆலைகள் அரியலூர் வட்டாரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. காரணம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு.

ஒரு கிலோ கிளிங்கருக்கு இந்திய ஆலைகளில் ஏறத்தாழ 750 கிலோகலோரி வெப்பம் செலவாகிறது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் தரக் குப்பை எரிபொருளுக்கு வைத்த அளவு, கிலோவுக்கு 4,500 கிலோகலோரிக்கு மேல். அப்படிப் பார்த்தால் நன்றாகப் பிரித்த ஒரு கிலோ குப்பை, ஆறு கிலோ கிளிங்கருக்கான நெருப்பு.

அந்த ‘நன்றாகப் பிரித்த’ என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதல் எதிரி ஈரம். நன்கு காய்ந்த நிலையில் கிலோவுக்கு 5,000 கிலோகலோரி தரும் குப்பையை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு சாம்பாரும் மழைநீரும் என்றால் எரிய இருப்பது மீதிதான். அதிலும் ஒரு பகுதி வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். கையில் மிஞ்சுவது மூவாயிரத்துச் சொச்சம். வீட்டில் எச்சில் இலையையும் சிப்ஸ் உறையையும் ஒரே வாளியில் போடுகிற அந்தக் கணத்திலேயே எரிபொருளின் தரம் தீர்மானமாகிவிடுகிறது. பிறகு எந்த இயந்திரம் வந்தும் முழுதாக மீட்க முடியாது. சென்னைப் பெருங்குடிக் கிடங்கில் பல பத்தாண்டுக் குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்து, எரியக்கூடியதை சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே பிளாஸ்டிக்கோடு மண்ணும் ஒட்டிக்கொண்டே வரும். சாம்பல் கூடும், வெப்பம் குறையும். அன்றன்றே பிரித்திருந்தால் அத்தனை பாடு இல்லை.

இரண்டாவது எதிரி குளோரின். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். உலையில் அது காரஉப்புகளோடு சேர்ந்து ஆவியாகி, சூடு குறைந்த பகுதிகளில் படிந்து குழாய்களை அடைக்கும். சிமெண்டில் மிகுந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். முதல் தர எரிபொருளில் குளோரின் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதனால்தான். திருமணத்துக்கும் தலைவர் வருகைக்கும் கட்டுகிற ஃபிளெக்ஸ் பேனர், ரெக்ஸின் பை, ஒயர் மேலுறை, பழைய பி.வி.சி. செருப்பு ஆகியவை இந்த மூட்டைக்குள் வரவே கூடாது. கண்ணால் பார்த்துக் கையால் தடவி இதைக் கண்டுபிடிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் வேலையை அவர்கள் செய்கிறார்கள். அதற்கேற்ற கூலியும் கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும். பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் தனியே சுற்றிக் கொடுப்பது நாம் அவர்களுக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

அடுத்தது தூரம். கீழ்பென்னாத்தூரிலிருந்து அரியலூர் சாலைவழியே 150 கிலோமீட்டருக்கு மேல். 2016 விதிகள், குப்பை எரிபொருள் தயாரிக்கும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்சாலைகள் தம் எரிபொருளில் 5 சதவீதத்தையாவது அதற்கு மாற்றவேண்டும் என்றன. வரைபடத்தில் நேர்கோடு போட்டாலும் அரியலூர் அந்த வட்டத்துக்கு வெளியேதான். உறைகளோ எடையற்றவை, லாரி கனக்கும் முன்பே நிறைந்துவிடும். அமுக்கிக் கட்டும் இயந்திரம் இல்லாவிட்டால் வாடகை, சரக்கின் மதிப்பை விழுங்கும். ஒவ்வொரு ஊரும் தனித்தனியே அனுப்புவதைவிட, திருவண்ணாமலை, செங்கம், வேட்டவலம் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் திரட்டி அனுப்புவதே கணக்குக்கு வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2026-ன் புதிய விதிகள் அந்த 5 சதவீதத்தை ஆறு ஆண்டுகளில் 15 ஆக உயர்த்தச் சொல்கின்றன. ஜெர்மனியின் சிமெண்ட் ஆலைகள் மாற்று எரிபொருளால் ஈடுசெய்யும் வெப்பம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

குப்பை எரிபொருளின் தேவை கூடும்போது ஓர் ஆபத்தும் கூடுகிறது. உலையின் பசிக்குப் பால் உறையும் பாட்டிலும்கூட இரையாகலாம். மறுசுழற்சிக்குப் போகக்கூடிய எதையும் எரிப்பது வீண்செலவு. எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து வருவதும் புதைபடிவக் கார்பன்தான். நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது என்ற அளவிலேயே அது நன்மை. உறையே குறைந்தால் அதைவிட நன்மை.

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு உடனடியாக வேண்டியது எளிமையான ஒன்று. லட்சக்கணக்கானோர் கூடும் கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. உறைகள் மலைபோல் குவியும் நாட்களும் அவை நனையும் நாட்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஒழுகாத கூரையும் மேடான சிமெண்ட் தளமும் காற்றோட்டமும் உள்ள தரம்பிரிப்புக் கொட்டகைக்குப் பேரூராட்சிகள் முதலில் பணம் ஒதுக்கவேண்டும், அதுவும் ஐப்பசிக்கு முன்பே.