சம்பளமில்லாக் காவல்

சரயேவோ ஹகாதாவின் சில பக்கங்களில் ஒயின் கறை படிந்திருக்கிறது. பாஸ்கா இரவு விருந்தில், எகிப்திலிருந்து முன்னோர் மீண்ட கதையை யூதக் குடும்பங்கள் வாசிக்கும் நூல் இது. அருங்காட்சியகப் பொருளாவதற்கு முன் பல தலைமுறைகள் இதைச் சாப்பாட்டு மேஜையில் புழங்கியிருக்கின்றன.

1350 வாக்கில் ஸ்பெயினின் பார்சலோனா பகுதியில், பதப்படுத்திய கன்றுத்தோலில் எழுதியது. முதல் 34 பக்கங்களும் தங்கமும் செம்பும் மின்னும் ஓவியங்கள். படைப்புக் காட்சியில் பூமி உருண்டையாக இருக்கிறது! யூத நூல்களில் மனித உருவம் வரையமாட்டார்கள் என்று நம்பியிருந்த கலை வரலாற்றாளர்களை இவை திகைக்க வைத்தன.

1492-ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியது. நூல் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே 1609-ல் ஒரு கத்தோலிக்கத் தணிக்கையாளர் ஆட்சேபமில்லை என்று கையெழுத்திட்டதால் நூல் நெருப்புக்குத் தப்பியது. 1894-ல் பணமுடையில் இருந்த குடும்பம் சரயேவோ அருங்காட்சியகத்துக்கு விற்றது. ஆய்வுக்காக வியன்னா போன இடத்தில், பழைய கட்டைப் பிரித்துவிட்டு மட்டமான கட்டு ஒன்றைப் போட்டார்கள். அதைச் செய்தவர்கள் நிபுணர்கள்!

1942-ல் நாஜித் தளபதி கேட்டு வந்தபோது, முஸ்லிம் நூலகர் ஒருவர் அதை உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனார். போர் முடியும்வரை மலைக் கிராமத்து மசூதியில் இருந்ததாகச் சொல்வார்கள். 1992-ல் சரயேவோ முற்றுகைக்கு உள்ளானபோது, குண்டுமழைக்கு நடுவே, முஸ்லிம் தொல்லியலாளர் ஒருவர் சில போலீஸாரோடு போய் அதை மீட்டார். நூல் வங்கிப் பெட்டகத்துக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகரின் தேசிய நூலகம் எரிந்து லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின.

மத நல்லிணக்கத்துக்கு அடையாளம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எனக்கு உறுத்துவது 2012. அந்த அக்டோபரில் துப்பாக்கிச் சத்தம் எதுவும் இல்லை. பணமில்லை என்று அருங்காட்சியகத்தையே மூடினார்கள். 2015 செப்டம்பர்வரை கதவு திறக்கவில்லை. சம்பளமே இல்லாமல் ஊழியர்கள் வேலைக்கு வந்து சேகரிப்பைக் காத்தார்கள்.

அச்சுப் பிரதிகள்தான் இருக்கின்றனவே என்பாருண்டு. பிரதியில் படத்தைப் பார்க்கலாம். தோலையும் மையையும் நாளை ஆராய்வதற்கு அசல் வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. பாதுகாப்பு அறைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நன்கொடை தர ஆளுண்டு. இருமுறையும் இந்த நூலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். அடுத்த காசோலையை எழுதும் புரவலர், அதை அருங்காட்சியகத்தின் சம்பளக் கணக்குக்கு எழுதட்டும்.