மௌனத்துக்கு எத்தனை வினாடி?

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் நடந்தால், கையில் தொலைபேசியை ஏந்தி ஊருக்கு எதையோ அனுப்பிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். நண்பரின் பிறந்தநாள் வீடியோ, கையெழுத்திட்ட படிவம், தம்பி கேட்ட சான்றிதழின் நகல். கோப்பு முக்கால்வாசி போனதும் நின்றுவிடுவதும் அங்கே வாடிக்கைதான். திரையில் வட்டம் சுற்றும். அனுப்பியாயிற்று என்றும் சொல்லாது, அனுப்ப முடியவில்லை என்றும் சொல்லாது. நெட்வொர்க் மோசம் என்று அனுப்பியவர் முடிவுகட்டிக்கொள்வார். பல நேரங்களில் நெட்வொர்க் மேல் அவ்வளவு குற்றமில்லை. அது தடுமாறியபோது என்ன செய்ய வேண்டும் என்பதை நிரல் எழுதியவர் யோசிக்காமல் விட்டதே குற்றம்.

கோப்புகளைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்களில் மிகப் பெரும்பகுதியின் அடித்தளம் சி மொழியில் இருக்கிறது. 1998இல் டேனியல் ஸ்டென்பெர்க் வெளியிட்ட ‘கர்ல்’ இன்றும் சி மொழியில்தான் எழுதப்படுகிறது. நெட்வொர்க்கிலிருந்து தரவை வாங்க அந்த மொழியில் ‘ரீட்’ என்றோ ‘ரிசீவ்’ என்றோ ஓர் அழைப்பு உண்டு. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ், நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட்டுகளைப் பரப்பிய நாளிலிருந்து அதன் பேச்சு மாறவேயில்லை. ‘இத்தனை பைட் வரை கொடு’ என்று கேட்டால், பதிலுக்கு ஓர் எண் வரும். அது பூஜ்யத்துக்கு மேற்பட்டதாக இருக்கலாம், பூஜ்யமாக இருக்கலாம், கழித்தல் ஒன்றாக இருக்கலாம். நான்காவதாக, பதிலே வராமலும் போகலாம்.

முதல் வகை பதில் சாதுவாகத் தெரியும். ஆனால் தமிழர்களை அதிகம் தொல்லைப்படுத்தியது அதுதான். 4,096 பைட் கேட்டால் 4,096 பைட் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஈதர்நெட் வழியே டிசிபி நெறிமுறையில் வரும் ஒரு பாக்கெட் பெரும்பாலும் 1,448 பைட்தான் சுமக்கும்; அது மட்டும் வந்து சேர்ந்திருந்தால், ‘ரீட்’ 1,448 என்று சொல்லித் திரும்பிவிடும். இது பிழையல்ல, மீதி பின்னால் வரும். யுடிஎஃப்-8 முறையிலோ தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட். 1,448ஐ மூன்றால் வகுத்தால் 2 மிஞ்சும். அதாவது இடைவெளியில்லாத தமிழ் வரி ஒன்று அந்த இடத்தில் வெட்டுப்பட்டால், கடைசி எழுத்தின் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயும் ஒரு பங்கு அடுத்த துண்டிலும் கிடக்கும். கோப்பை அப்படியே வட்டில் எழுதினால் இரண்டும் சேர்ந்துவிடும், பாதகமில்லை. வந்த துண்டை முழு வாசகமாக நினைத்துத் திரையில் காட்டினால்தான் வினை. கோப்புறையின் பட்டியலில் ‘பாட்டி திதி படங்கள்’ என்ற பெயருக்கு நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் முளைப்பது இப்படித்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவரின் கண்ணில் இந்தத் தவறு படவே படாது.

இரண்டாவது பதில் பூஜ்யம். மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். முழுவதும் அனுப்பிவிட்டு மூடியதா, பாதியில் மூடியதா என்பதை அந்தப் பூஜ்யம் சொல்லாது. 1985இல் இன்றைய வடிவம் பெற்ற எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறையின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அதில் ஆணைகளுக்கு ஓர் இணைப்பு, தரவுக்கு இன்னோர் இணைப்பு. வழக்கமான முறையில் தரவு இணைப்பு மூடப்படுவதுதான் கோப்பு முடிந்ததற்கான அடையாளம். ஆகவே பூஜ்யத்தைக் கண்டதும் ‘வெற்றி’ என்று எழுதிவிட்டுப் போகும் நிரல், அரைக் கோப்பை முழுக் கோப்பு என்று சாதிக்கும். ஆணை இணைப்பில், அனுப்பி முடிந்தது என்று பொருள்படும் 226 என்ற எண் வந்ததா, கோப்பின் அளவு சர்வர் சொன்ன அளவோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

தமிழ் இணையத்தின் தொடக்க நாள்களில் இந்தத் தவறுக்குப் பெரிய விலை இருந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழும் ஒளிர்வதற்காக உழைத்தவர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. அந்தக் காலத்தில் கணினிகள் தமிழ் எழுத்துருவோடு வரவில்லை. தமிழ் படிக்க விரும்பியவர் முதலில் எழுத்துருக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். 28,800 பிட் மோடத்தில் 100 கிலோபைட் கோப்பு வரவே ஏறக்குறைய அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் தொலைபேசி இணைப்பு அறுந்து, நிரலும் அதைக் கவனிக்காமல் ‘முடிந்தது’ என்றால், கையில் இருப்பது நிறுவ முடியாத எழுத்துரு. காரணம் தெரியாமல், தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று விலகிப்போக அதுவே போதுமானது. ஒரு பூஜ்யத்தைத் தவறாகப் படிப்பது சின்ன விஷயமில்லை.

கழித்தல் ஒன்று வந்தால் உடனே பயப்பட வேண்டாம். ‘எர்நோ’ என்ற மாறியில் காரணம் இருக்கும். நிரலுக்கு வேறொரு சமிக்ஞை குறுக்கிட்டதால் அழைப்பு பாதியில் திரும்பியிருக்கலாம். அப்போது அதே அழைப்பை மறுபடி செய்தால் போதும். ‘இப்போது தரவு இல்லை, பிறகு வா’ என்ற பதிலும் இதே வழியில்தான் வரும். மறுமுனை இணைப்பை முறித்துவிட்டது என்பது மட்டும் உண்மையான இழப்பு. இந்த மூன்றையும் ஒரே ‘பிழை’ என்று குவித்து, கோப்பை அழித்துவிட்டு, முதல் பைட்டிலிருந்து தொடங்கும் நிரல்கள் இன்னும் எழுதப்படுகின்றன. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று எண்ணி வாங்கிய ப்ரீபெய்டு சிம்மில் அது ஒருவரின் காசு.

இனி அந்த நான்காவது, பதிலே வராத நிலை. நெட்வொர்க் நிரலாக்கத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பது என் திடமான எண்ணம்.

தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்முனை திடீரென்று அமைதியானால், அவர் யோசிக்கிறாரா, லைன் போய்விட்டதா என்று நமக்குத் தெரியாது. ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிடுவோம். ‘ரீட்’ கூப்பிடுவதில்லை. அது சும்மா காத்திருக்கும். அனுப்பும் பக்கத்துக்காவது ஒரு வழி உண்டு: அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வராவிட்டால் டிசிபி மறுபடி அனுப்பும், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கும். லினக்ஸில் இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 15 நிமிடம் போராடிவிட்டுக் கைவிடும். வாங்கும் பக்கத்துக்கு அனுப்ப எதுவும் இல்லை. ஆகவே அதற்குச் சந்தேகமே வராது. சர்வருக்கு மின்சாரம் போனாலும், நடுவே கேபிள் அறுந்தாலும், ‘ரீட்’ நாள் கணக்கில் காத்திருக்கக்கூடும். ‘கீப்அலைவ்’ என்று ஓர் உயிர்ச்சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். 1989இல் வெளியான ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் அதை இயல்பாக அணைத்தே வைக்கச் சொல்கிறது. இயக்கினாலும் முதல் சோதனைக்கான இயல்பு இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாதாம். வீடியோ போய்விட்டதா என்று நின்றுகொண்டிருப்பவருக்கு இரண்டு மணி நேரம் எதற்குப் பயன்படும்?

சிங்கப்பூரில் இந்த மௌனம் எளிதாக வந்துவிடும். பொது இடத்து வயர்லெஸ்@எஸ்ஜி இணைப்பில் தொடங்கிய பதிவிறக்கம், நடையைக் கட்டியதும் கைத்தொலைபேசி நெட்வொர்க்குக்கு மாறும். இரு முனைகளின் முகவரிகளும் போர்ட் எண்களும் சேர்ந்த நான்கு எண்கள்தான் டிசிபி இணைப்பின் அடையாளம். அதில் ஒன்று மாறினால் பழைய இணைப்பு செத்தது. அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ச்சேராது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் வடகிழக்குப் பாதையிலிருந்து டௌன்டவுன் பாதைக்கு மாறும் நேரத்திலேயே இது நடந்து முடிந்துவிடும். முகவரி மாறினாலும் தொடரும்படி இணைப்புக்கெனத் தனி அடையாள எண் வைத்திருக்கும் ‘குவிக்’ நெறிமுறை 2021இல்தான் தரமாக வெளியானது. எஃப்டிபியில் இன்னொரு கண்ணியும் உண்டு. பெரிய கோப்பு தரவு இணைப்பில் ஓடும்போது ஆணை இணைப்பு சும்மா கிடக்கும். வழியில் முகவரி மாற்றித் தரும் கருவி, சும்மா கிடக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடலாம். கோப்பு முழுதாக வந்துவிடும், அந்த 226 மட்டும் வராது. நிரல் 100 விழுக்காட்டில் உறைந்து நிற்கும்.

அப்படியானால் காலக்கெடு எவ்வளவு? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் இயங்கும் ‘ஐ2ஐ’ கடலடிக் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 30 மில்லிவினாடிக்குச் சற்றே அதிகம். அதைப் பார்த்து ‘இரண்டு வினாடி தாராளம்’ என்று எழுதிவைப்பவர் 2006 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று தைவானின் தெற்கே ஹெங்சுன் அருகே நிலநடுக்கம். கடலடியில் சரிந்த சேற்றுவெள்ளம் கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனது. ஒன்பது கேபிள்கள் சேதமாயின. சிங்கப்பூரைத் தொட்ட ஏபிசிஎன்-2, சீமீவீ-3 இரண்டும் அதில் அடக்கம். முழுமையாகப் பழுதுபார்க்க வாரக்கணக்கில் ஆயிற்று. தரவு சுற்றுவழியில் நெரிசலோடு போனது. மெதுவாக, ஆனால் போனது. அந்த நாள்களில் இரண்டு வினாடிக் காலக்கெடு உயிரோடிருந்த இணைப்புகளைத்தான் கொன்றிருக்கும்.

கொன்றுவிட்டு உடனே மறுமுயற்சி செய்வது அதைவிட மோசம். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், நெட்வொர்க்கின் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. நெரிசலில் தாமதமான பாக்கெட்டைத் தொலைந்ததாக எண்ணி எல்லாரும் மறுபடி அனுப்ப, நெரிசல் மேலும் முற்றியது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட தீர்வுகள் இன்றைய டிசிபியின் அடிப்படை. மேலே ஓடும் நிரல்களும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். தோற்றால் ஒரு வினாடி, பிறகு இரண்டு, நான்கு என்று தள்ளிப்போட வேண்டும். எல்லா தொலைபேசிகளும் ஒரே நொடியில் முட்டிக்கொள்ளாதபடி அந்த இடைவெளியில் கொஞ்சம் தற்செயலும் கலக்க வேண்டும்.

மொத்த நேரத்துக்குக் கெடு வைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. ‘ஐந்து நிமிடத்தில் முடியாவிட்டால் தோல்வி’ என்றால், தங்கும் விடுதியில் நூறு பேரோடு ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொள்பவருக்குப் பெரிய கோப்பு என்றைக்குமே கிடைக்காது. கடைசி பைட் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையே அளக்க வேண்டும். ‘செலக்ட்’ அல்லது ‘போல்’ அழைப்பால் 30 வினாடி காத்திருந்து, ஒரு பைட் வந்தாலும் கெடுவைப் புதிதாகத் தொடங்கலாம். அப்போது ஒவ்வொரு பைட்டாகச் சொட்டும் இணைப்பு என்றென்றும் பிழைத்திருக்குமே என்றால், கர்லில் அதற்கும் வழி உண்டு: இத்தனை வினாடிக்கு இந்த வேகத்துக்குக் கீழே போனால் நிறுத்து. எதற்கும் திருத்தப்படக்கூடிய கணினி நேரத்தை நம்பாமல், பின்னோக்கிப் போகாத கணினிக் கடிகாரத்தால் அளப்பது நல்லது. லினக்ஸில் ‘செலக்ட்’ தனக்குக் கொடுத்த காலக்கெடுவில் மீதி நேரத்தை அதே இடத்தில் எழுதிவைக்கும், பல இயங்குதளங்கள் அப்படிச் செய்வதில்லை. சுழற்சிக்குள் அதைப் புதிதாக நிரப்ப மறந்தால், கெடு சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யமாகிவிடும்.

கைவிட்ட பிறகு செய்ய வேண்டியதுதான் ஊழியரின் காசைக் காக்கும் வேலை. வந்த பைட்டுகளைத் தற்காலிகப் பெயரில் வைத்திருந்து, எஃப்டிபியின் ‘ரெஸ்ட்’ ஆணையாலோ எச்டிடிபியின் ‘ரேஞ்ச்’ கோரிக்கையாலோ விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். இடையில் சர்வரில் கோப்பு மாறியிருந்தால் பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதே கோப்புதானா என்று அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டே தொடர வேண்டும். முழுதும் வந்து அளவு பொருந்திய பின்புதான் உண்மையான பெயர்.

இதையெல்லாம் எழுதியவர்களும் சோதனையில் ஏமாந்துபோகிறார்கள். சர்வர் நிரலை நிறுத்திப் பார்த்து, ‘பிழைச் செய்தி உடனே வந்தது’ என்று திருப்தியடைகிறார்கள். நிரல் செத்தாலும் அந்தக் கணினியின் இயங்குதளம் உயிரோடிருக்கிறது. அது ஒழுங்காக இணைப்பை மூடிச் செய்தி அனுப்பிவிடும். அங்கே மௌனம் சோதிக்கப்படவே இல்லை. நடுவிலுள்ள தீயரணில் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கைவிடச் சொல்ல வேண்டும், அல்லது லினக்ஸின் ‘நெட்எம்’ கருவியால் தாமதத்தையும் இழப்பையும் புகுத்த வேண்டும், அதுவும் பதிவிறக்கம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது. பிறகு தமிழ்ப் பெயருள்ள ஒரு பெரிய கோப்பை வைத்துக்கொண்டு, நிரல் எத்தனை வினாடியில் கைவிடுகிறது, திரையில் என்ன எழுதுகிறது, மறுபடி தொட்டால் எந்த பைட்டிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்கலாம்.