நான்காம் எண் எந்தப் பெட்டியில்?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமைகளில் மாணவர்களுக்கு இணைநிரலாக்கம் சொல்லித் தருகிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருபவர்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டர்கள் நான்கை ஒரே ஸ்விட்சில் இணைத்து லினக்ஸ் போட்டிருக்கிறோம். ஒரு நிரலை எட்டுப் பிரதிகளாக, பெட்டிக்கு இரண்டு வீதம் ஓட்டுவோம். ஒரு வாரம் 4, 5 ஆம் எண் பிரதிகள் மட்டும் பிந்திக்கொண்டே இருந்தன. இரண்டு பிந்தினால் மற்ற ஆறும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்த இரண்டும் எந்தப் பெட்டியில் ஓடுகின்றன?

முதலில் சொந்த நிரலைத் தொடாதீர்கள். பிரதிகளை ஓட்டிவிடும் எம்பிஐரன் கட்டளைக்கு உங்கள் நிரலுக்குப் பதிலாக 'ஹோஸ்ட்நேம்' என்ற லினக்ஸ் கட்டளையைக் கொடுங்கள். எட்டு வரி வரும். நான்கு பெயர்களும் இரண்டிரண்டு முறை வந்தால் வேலை சரியாகப் பிரிந்திருக்கிறது. எட்டிலும் ஒரே பெயர் என்றால், பெரும்பாலும் பெட்டிகளின் பட்டியல் கோப்பைக் கொடுக்க மறந்திருப்பீர்கள்.

அடுத்து, நிரலுக்குள். பிரதிகள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்வதற்கான, 1994இல் முதல் பதிப்பு வந்த எம்பிஐ தரநிலையில் இதற்கென்றே 'கெட் பிராசஸர் நேம்' என்றொரு செயல்கூறு இருக்கிறது. பெயர் அப்படி இருந்தாலும், அது தருவது பெரும்பாலும் கணினியின் பெயரைத்தான். பிரதியின் எண்ணையும் அந்தப் பெயரையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். தனித்தனி வரியாக அச்சிட்டால் எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு என்றே தெரியாது. எட்டுப் பிரதிகளும் முந்திக்கொண்டு எழுதும், 5 முதலில் வரும், 0 கடைசியில் வரும். வரிசை வேண்டுமென்றால் எல்லாப் பெயரையும் 0 ஆம் பிரதிக்கு அனுப்பி அங்கே அச்சிடுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற பெரிய கணினிக் கொத்துகளில் ஸ்லர்ம்தான் வேலையைப் பிரித்துத் தரும். அங்கே 'எஸ்ரன்' கட்டளைக்குச் சின்ன 'எல்' சேர்த்து ஹோஸ்ட்நேமை ஓட்டினால் எண்ணும் பெயரும் சேர்ந்தே வந்துவிடும்.

எங்களுக்கு அன்று எட்டு வரியிலும் ஒரே பெயர்.

"அண்ணே, பட்டியலைச் சரியாத்தான் கொடுத்திருக்கேன்" என்றான் கிள்ளான் தம்பி. அவன் கொடுத்தது சரிதான். ஒரு டிஸ்கில் லினக்ஸை நிறுவி, அதையே மற்ற மூன்றுக்கும் நகலெடுத்தவன் நான். பெயரும் சேர்ந்து நகலாகிவிட்டது. பெட்டி தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் நிரல் நமக்குச் சொல்கிறது. அதுவே தவறென்றால் நிரல் என்ன செய்யும்?

ஐபி முகவரிகள் அப்படி இல்லை. ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் ஒன்றாக ரூட்டரில் குறித்து வைத்திருந்தோம். ஹோஸ்ட்நேம் கட்டளைக்குப் பெரிய 'ஐ' சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் எண் ஒட்டும்படி ஓட்டினோம். 4, 5 இரண்டுக்கும் ஒரே முகவரி வந்தது. ஆனால் மேசைக்கடியில் நான்கும் ஒரே கறுப்புப் பெட்டிகள். முகவரி எதன் நெற்றியிலும் எழுதியிருக்கவில்லை. அந்த முகவரிக்குள் நுழைந்து, 'ஈத்டூல்' கட்டளைக்குச் சின்ன 'பி' சேர்த்து, அட்டையின் பெயரையும் 30 வினாடி என்பதையும் கொடுத்தோம். எல்லா அட்டையும் இதற்குப் பணியாது. எங்களுடையது பணிந்தது. ஜன்னலோரப் பெட்டியின் பின்புறம், கேபிள் செருகிய இடத்தில், சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது.

பெட்டியைத் திறந்தோம். சாலைப் புழுதி பஞ்சாகத் திரண்டு காற்றாடியை அடைத்திருந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; தாமதம் அதனால்தான்.

தூசு தட்டியபின் நான்குக்கும் தனிப்பெயர் வைத்தோம்: கிள்ளான், கோம்பாக், லங்காட், சிலாங்கூர். நான்கும் இங்குள்ள ஆறுகள். ஒவ்வொரு பெயரையும் பெட்டியின் முகப்பிலும் எழுதி ஒட்டினான் தம்பி. 4, 5 இப்போது லங்காட்டில் ஓடுகின்றன.